பாடும் வாட்டும் தின்னும் வாட்டும்

பாட்டு ஒரு வரியின் நடுவில் இருந்தது. வாசல் சுவரில் இருந்த மரப்பலகையிலிருந்து 'டப்' என்று ஒரு சத்தம். உளுந்து வெடித்ததுபோல அவ்வளவுதான். பாடிக்கொண்டிருந்த அம்மாள் ஒரு பெருமூச்சு விட்டு அடங்கினாள். இசைத்தட்டு மட்டும் விஷயம் தெரியாமல் இன்னும் ஐந்து சுற்று சுற்றி நின்றது. எண்ணினேன், ஐந்துதான்.

கூடத்திலும் வாசலிலும் நாற்பத்து மூன்று பேர் இருந்தார்கள். வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் இருக்கும். ஓசூர்க் குளிர் கதவிடுக்கு வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது.

கூடத்து விளக்கின் சுவிட்சில் என் அக்கா ரோசாலியின் கை இருந்தது. அப்போதுதான் அதைத் தட்டியிருந்தாள்.

"விளக்கை யாருக்கா போடச் சொன்னது?" என்று கத்தினேன்.

அக்கா, "முட்டை!" என்றாள். இருட்டில் பின்னறைக்கு ஓடினாள்.

படிகள் பற்றி ஒரு விளக்கம்

ராயக்கோட்டை மலையில் நான் எண்ணிய படிகளைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். எண்ணிக்கை தவறு என்று ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். அவர் ஏறும்போது எண்ணியிருக்கிறார். நான் இறங்கும்போது எண்ணினேன். ஏறுகிறவன் மூச்சு வாங்குவதற்கு நிற்கிறான். நின்ற படியை இரண்டு தடவை எண்ணுகிறான். இதற்கு மேல் எனக்கு அதில் சண்டையில்லை.

எண்ணுவது என் வியாதி. அந்த நாளில் நான் ஓசூரில் ஒரு நடுநிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். வயது இருபத்து நான்கு. கல்யாணம் ஆகவில்லை. அக்கா வீட்டில் சாப்பாடு, அக்கா வீட்டில் படுக்கை. பூசைக்குப் போனால் எத்தனை மெழுகுவத்தி எரிகிறது என்று எண்ணிவிட்டுத்தான் முழங்காலிடுவேன். சாமியார் பிரசங்கத்தில் எத்தனை முறை 'ஆகையால்' சொன்னார் என்பதை வீட்டுக்கு வந்து அறிவிப்பேன். அக்கா சிரிப்பாள். அவள் புருஷன் சிரிக்கமாட்டார். பிரசங்கத்தின்போது அவர் தூங்கியிருப்பார்.

அவர் பெயர் அருளப்பன். ஓசூருக்கும் பெங்களூருக்கும் பஸ் ஓட்டினார். நான் அவரை மாமா என்பேன். அவர் என்னை மச்சான் என்பார். நல்ல மனிதர். ஒரே குறை, சத்தம் பிடிக்கும். பஸ்ஸின் ஹாரனைக்கூட ராகமாகத்தான் அடிப்பார்.

தேயிலைப் பெட்டிக்குள் வெயில்

அந்த வருஷம் அக்காவுக்கு ஒரு காரியம் வாய்த்தது. ஊருக்கு வெளியே, ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு கேப்டன் கோழிப்பண்ணை வைத்திருந்தார். வெள்ளைக்காரச் சாதிக் கோழிகள். முட்டையிடுவதோடு கடமை முடிந்தது என்று எழுந்து போய்விடும், அடை உட்காராது. ஆகவே மின்சாரத்தில் குஞ்சு பொரிக்க ஓர் அறை கட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துக்கொள்ள பெங்களூரிலிருந்து ஓர் ஆளைக் கூப்பிடுவதாக இருந்தார்.

அக்கா எட்டாவது வரை படித்தவள். நேராகப் போய், "அந்த வேலையை நான் செய்யறேன் சார்" என்று கேட்டுவிட்டாள். கேப்டனுக்குச் சிரிப்பு. ஆனாலும் அறுபது முட்டையை எண்ணிக் கொடுத்தார். "நாற்பது குஞ்சு காட்டு. அறை உன்னுடையது. இல்லாவிட்டால் பெங்களூர் ஆள் வந்துவிடுவான்" என்றார். கெடு இருபத்து மூன்றாம் நாள், புதன்கிழமை காலை.

அக்கா ஒரு தேயிலைப் பெட்டியை வாங்கினாள். உள்ளே தவிடு திணித்த இரட்டைச் சுவர், மேலே துளைகள், ஒரு கிண்ணம் தண்ணீர், ஒரு தெர்மாமீட்டர், மூன்று நாற்பது வாட் பல்புகள். சூடு கூடினால் துளையைத் திறப்பாள். குறைந்தால் கந்தலைச் செருகுவாள். தெர்மாமீட்டர் நூறில் நிற்க வேண்டும். இரவில் நாலு தடவை எழுந்து பார்த்தாள். ஒவ்வொரு முட்டையிலும் ஒரு பக்கம் கரியால் சிலுவை போட்டு, காலையும் மாலையும் திருப்பிவைத்தாள். பதினெட்டு நாள் அவள் அந்தப் பெட்டியைவிட்டு அசையவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு மட்டும் போனாள். அப்போது காவல் நான்.

கணக்கு

இங்கே வீட்டின் மின்சாரத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். அது எங்கள் வீடு அல்ல. பின்கட்டில் குடியிருந்த நரசம்மாவின் வீடு. தெலுங்குக்காரி, விதவை, நாக்கு கூர்மை. ஆறு நாற்பது வாட் பல்புக்குத்தான் அவள் அனுமதி வாங்கியிருந்தாள். அதற்கேற்ற ஃபியூஸ் கம்பியை லைன்மேன் முனியப்பா மாட்டியிருந்தார். தலைமுடி கனம். முந்நூறு வாட் வரை தாங்கும், மேலே போனால் உருகிவிடும் என்று அவரே சொல்லியிருந்தார். ஆறில் மூன்று பல்பு முட்டைக்குப் போய்விட்டது. மிச்சத்தில் நாங்கள் இரண்டை எரித்தோம். நரசம்மா தன் ஒன்றைப் போடாமல் சிம்னி விளக்கே வைத்துக்கொண்டாள்.

இதற்கிடையில் எதிர்ச்சாரி டீக்கடைக்காரர் புது ரேடியோ வாங்கினார். மாமாவின் பழைய ஆம்ப்ளிஃபயர் ஐந்து வாட். அதில் எந்தத் தட்டைப் போட்டாலும், பாடுகிறவருக்குப் பின்னால் டீக்கடை ரேடியோ ஆகாசவாணிச் செய்தி வாசித்தது. மாமாவால் இதைப் பொறுக்க முடியவில்லை.

ஒரு சனிக்கிழமை பெங்களூரிலிருந்து பஸ் வந்தபோது முன்சீட்டில் ஒரு கம்பளி உட்கார்ந்திருந்தது. ஒரு கிழவர் அதன்மேல் சாயப்போக, "ஐயா, பிள்ளைத்தாச்சி, தொடாதீங்க" என்று மாமா அதட்டினாராம். கம்பளிக்குள் புது ஆம்ப்ளிஃபயர். முன்பக்கத்தில் ஒரு தகரச் சிங்கம், அதன் கீழே தங்க எழுத்தில் 25 வாட் என்று போட்டிருந்தது. விரல் உயர வால்வுகள் ஆறு.

"நாளைக்கி சாயங்காலம் போடறோம். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்கணும்" என்றார் மாமா. "டெப்போ பசங்க எல்லாத்தையும் வரச் சொல்லிட்டேன்."

"புதன்கிழமை வரைக்கும் பொறுக்கக் கூடாதாங்க?" என்றாள் அக்கா. "நாளைக்கி இருபதாம் நாளு. ஓட்டுக்குள்ள சத்தம் கேக்குது. இப்ப போயி கரண்டுக்கு ஏதாவது ஆச்சின்னா?"

"என்ன ஆவும்? மச்சானைக் கேளு. அவன்தான கணக்குப் புலி."

அக்கா என் பக்கம் திரும்பினாள். "நீ கணக்குப் போட்டுச் சொல்லு தம்பி. நீ சரின்னா சரி."

போட்டேன். சிலேட்டை எடுத்து, அவள் கண்முன் போட்டேன். பெட்டிக்கு நூற்றிருபது. வீட்டு விளக்கு இரண்டுக்கும் எண்பது. தட்டு சுற்றும் மோட்டாருக்கு இருபது. ஆம்ப்ளிஃபயர் இருபத்தைந்து. மொத்தம் இருநூற்று நாற்பத்தைந்து. இன்னும் ஐம்பத்தைந்து வாட் சும்மா கிடக்கிறது.

"இதுக்கு மேல ஒரு பல்புகூட போட்டுக்கலாம்கா" என்றேன். அந்த வாக்கியத்தை இப்போது எழுதும்போதும் காது சுடுகிறது.

அக்கா சிலேட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தலையாட்டினாள்.

நாலு மணிக்கு ஆரம்பம்

ஞாயிறு நாலு மணிக்குப் பாட்டு ஆரம்பித்தது. டீக்கடை ரேடியோ முதல் தட்டிலேயே செத்தது. தெருவே வந்துவிட்டது. தமிழ்த் தட்டு ஒன்று போட்டால் கன்னடத் தட்டு ஒன்று, அப்புறம் தெலுங்கு ஒன்று. இல்லாவிட்டால் ஓசூரில் உயிர் வாழமுடியாது. நரசம்மா சுவரோரம் உட்கார்ந்து தெலுங்குத் தட்டுகளை விரல்விட்டு எண்ணினாள். "கன்னடத்துக்கு நாலு, எங்களுக்கு மூணா? வீடு யாரோடது நாயனா?" என்று என்னைக் கேட்டாள். அவள் எண்ணிக்கை சரி. எனக்கு அவள்மேல் மரியாதை வந்தது.

அக்கா பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் பின்னறைக்குப் போய்த் தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு வந்தாள். நூறு. நூறு. நூறு. ஒவ்வொரு தடவையும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் ஐம்பத்தைந்து வாட்டை என் சொந்த நிலம் போல நினைத்து உட்கார்ந்திருந்தேன்.

ஆறரை மணிக்கு இருட்டியது. வந்தவர்கள் கால் மிதிபடக் கூடாதே என்று அக்கா கூடத்து விளக்கைப் போட்டாள். டப்.

சிங்கத்துக்குப் பின்னால் போகும் வழி

கூட்டத்தில் கன்னடத் தட்டுக்காக வந்து உட்கார்ந்திருந்தவர்களில் லைன்மேன் முனியப்பாவும் ஒருவர். தீக்குச்சியைக் கிழித்துக்கொண்டு ஃபியூஸைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எஷ்டு லோடு ஸார் போட்டீங்க?"

நான் சிலேட்டோடு ஓடிப்போய்க் காட்டினேன். முனியப்பா ஒவ்வொரு வரியாக விரலை நகர்த்தினார். கடைசி வரியில் விரல் நின்றது.

"இது ஏனு ஸார், இருபத்தஞ்சு?"

"ஆம்ப்ளிஃபயர். முன்னால போட்டிருக்கே."

அவர் ஆம்ப்ளிஃபயரைச் சுவரிலிருந்து இழுத்தார். பின்பக்கம் இன்னொரு குச்சியைக் கிழித்துக் காட்டினார். ஒரு சின்னத் தகரத் துண்டு. அதில் 150 வாட் என்று அடித்திருந்தது.

"முன்னால இருக்கிறது பாடற வாட்டு ஸார். இது தின்ற வாட்டு. எம்மெ, அதான் எரும, எவ்வளவு பால் குடுக்குதுன்னு பாத்தே புல்லுக் கணக்குப் போட்டா, தேவரே காப்பாத்தணும்."

மனத்துக்குள் கூட்டினேன். பகலில் விளக்கில்லை: நூற்றிருபதும் இருபதும் நூற்றைம்பதும் இருநூற்றுத் தொண்ணூறு. கம்பி பத்து வாட் ஓரத்தில் நின்றுகொண்டு இரண்டரை மணி நேரம் பாட்டுக் கேட்டிருக்கிறது. அக்கா ஒரு விளக்கைப் போட்டதும் முந்நூற்று முப்பது. பழைய ஆம்ப்ளிஃபயர் ஐந்து வாட் பாடி, அறுபது தின்றிருக்கும். அது இத்தனை நாள் முந்நூறுக்குள் அடங்கிப் போனதால் எனக்குத் தெரியவில்லை.

விளக்கைப் போட்டது யார் என்று நான் கத்தியிருந்தேன். யாரைக் கேட்டேன் என்பது நினைவுக்கு வந்தது.

"ஒரு ஆணிய மாட்டு முனியப்பா, எரியும்" என்றார் மாமா.

"எரியும் ட்ரைவர்ரே. வீடு எரியும்." முனியப்பா சைக்கிளை எடுத்தார். "என்கிட்ட கம்பி இல்ல. பவர் ஹவுஸுக்குப் போயி வரணும். ஒரு மணி நேரம். சாவிக்காரன் சாப்பிடப் போயிருந்தா ஒண்ணரை."

தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு

பின்னறையில் அக்கா மெழுகுவத்தியோடு குனிந்திருந்தாள். தொண்ணூற்றேழு. நான் அருகில் போய் நின்றேன். தொண்ணூற்றாறு.

"கரி அடுப்பு வெச்சா?" என்றேன்.

"புகையில செத்துடும்."

"நரசம்மா கோழி?"

"அது பதினொண்ணு மேல உக்காந்திருக்கு. அறுபதையும் எங்க வெக்கும், தலையிலயா?"

முட்டைகளுக்குள்ளிருந்து மெல்லிய கொத்தல் சத்தம் வந்தது. சுவர்க் கடிகாரத்தைத் துணியில் சுற்றி வைத்தால் கேட்கும் சத்தம். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். என் வாயிலிருந்து வந்ததோ ஓர் எண்.

"உடம்புச் சூடு தொண்ணூத்தெட்டு புள்ளி நாலு."

அக்கா நிமிர்ந்தாள். "யாரு உடம்பு?"

"எல்லார் உடம்பும்."

அவள் ஒரு விநாடிதான் யோசித்தாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். முதல் இரண்டு முட்டையைத் தன் ரவிக்கைக்குள் வைத்தாள். அடுத்த இரண்டை மாமாவிடம் நீட்டினாள்.

"சட்டையக் கழட்டுங்க."

"என்னாது?"

"அக்குள்ள வையுங்க. பக்கத்துக்கு ஒண்ணு. கைய அழுத்தக் கூடாது, தூக்கவும் கூடாது. யாரால இந்த கதி? ம், கழட்டுங்க."

டெப்போ ஆட்கள் சிரித்தார்கள். அக்கா அவர்கள் பக்கம் திரும்பியதும் நிறுத்திவிட்டார்கள். "மூணு மணி நேரம் சும்மா பாட்டுக் கேட்டீங்க இல்ல அண்ணா? ஆளுக்கு ரெண்டு பிடிங்க."

பதினொரு பேர் வீட்டில் வேலை இருப்பதை அப்போது நினைவுகூர்ந்து கிளம்பினார்கள். முனியப்பாவும் போக மிச்சம் முப்பத்தொரு பேர். இருபத்தொன்பது பேருக்கு இரண்டிரண்டு. நரசம்மாவோடு வந்திருந்த இரண்டு ஒல்லிப் பெண்களுக்கு ஒவ்வொன்று. அறுபது சரியாகப் போயிற்று. எண்ணிக் கொடுத்தது நான். இருட்டில் பெயர் எழுதிக்கொள்ளவில்லை. அந்தக் குறை எனக்கு இன்றும் உண்டு.

வெல்ல மண்டி ரங்கப்பா மிகப் பருத்த மனிதர். நாலு முட்டையை ஒளித்து வைக்க அவரிடம் இடம் இருந்தது. ஆனால் நியாயமாக இரண்டே கொடுத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "உள்ள கொத்துது வாத்தியாரே, கூச்சமா இருக்குது" என்றார். அருகில் உட்கார்ந்திருந்த கண்டக்டர், "சிரிக்காதீங்க, நீங்க குலுங்கினா ரெண்டு உசிரு போயிடும்" என்றார்.

முப்பத்தொரு பேர், எல்லாரும் விலாவோடு கையை ஒட்டிக்கொண்டு, இருட்டில். தும்மல் வந்தவர்கள் அடக்கினார்கள். கொசு கடித்தவர்கள் பொறுத்தார்கள். நான் என் பங்கு இரண்டோடு கதவோரம் உட்கார்ந்திருந்தேன். வலது பக்கத்து முட்டை என்னைக் கொத்துவது தெளிவாகத் தெரிந்தது. நியாயமான கொத்து.

எட்டுக்குக் கொஞ்சம் முன்பு முனியப்பா வந்தார். பல்புகள் எரிந்தன. பெட்டி நூறைத் தொட்டதும் எல்லாரும் ஒரே சமயத்தில் முட்டையைக் கொடுக்க முண்டினார்கள். எல்லாம் அடங்கியபின் எண்ணினேன்.

ஐம்பத்தொன்பது.

அறுபதாவது

மறுநாள் பள்ளிக்கு முன்னும் பின்னும் நான் வீடு வீடாகப் போனேன். ரங்கப்பாவிடம், "தெரியாமல் உடைந்திருந்தால் சொல்லிவிடுங்கள்" என்றேன். "அதுக்கு மேல உக்காந்திருந்தா நீ சுரண்டித்தான் எடுக்கணும்" என்று வேட்டியை உதறிக் காட்டினார். கண்டக்டர் என்னோடு பேசுவதை நிறுத்தினார். நரசம்மாவை மட்டும் கேட்கவில்லை. வீட்டுக்காரியைச் சந்தேகிக்கக் குடியிருப்பவனுக்கு உரிமை கிடையாது.

(இந்த இடத்தில் ஒரு இடைச்செருகல். போன மாதம் என் மகன் ஒரு ஸ்டீரியோ வாங்கி வந்தான். முன்னால் ஆயிரம் வாட் என்று ஒட்டியிருந்தது. நான் நேராக அதன் பின்னால் போனேன். நூற்றெண்பது தின்கிறதாம். தின்பதைவிட அதிகம் பாடுகிற பிராணியை என் ஆயுளில் இப்போதுதான் பார்க்கிறேன். மகனிடம் சொன்னால் கோபித்துக்கொள்கிறான்.)

திங்கள் விடியற்காலையில் முதல் ஓடு உடைந்தது. செவ்வாய் ராத்திரி சாப்பாட்டுக்குள் முப்பத்தொன்பது குஞ்சுகள். இருபது முட்டைகள் திறக்கவே இல்லை. அக்கா ஒவ்வொன்றையும் காதில் வைத்துப் பார்த்துத் தனியே எடுத்துவைத்தாள். முப்பத்தொன்பது. நான் ஏழு தடவை எண்ணினேன். எண்ணுவதால் கூடாது என்று தெரிந்தும் எண்ணினேன்.

"விடு தம்பி" என்றாள் அக்கா. அந்த மூன்று நாளில் அவள் என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருக்கலாம்.

புதன் காலை ஒன்பது மணிக்கு கேப்டன் வந்தார். பித்தளைப் பூண் போட்ட கைத்தடி, சட்டைப்பையில் ஒரு நோட்டு. குஞ்சுகளை ஒரு கூடையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி எண்ண ஆரம்பித்தார். முப்பத்தேழு, முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது. கை கூடையின் அடியைத் துழாவியது.

அப்போது நரசம்மா பின்கட்டிலிருந்து வந்தாள். மடியை அவிழ்த்தாள். மஞ்சள் பஞ்சு உருண்டையாக ஒரு குஞ்சு.

"இந்தா நாயனா, எண்ணு" என்று என்னிடம் நீட்டினாள். "எனக்குக் குடுத்த ரெண்டுல ஒண்ண என் கோழிக்கி அடியில வெச்சிட்டேன். எல்லாத்தையும் உன் கணக்க நம்பி வெச்சா ஆவுமா? ஒண்ணாவது பொழைக்கட்டும்னுதான்."

"நாற்பது!" என்று நான் கத்தினேன். தெருவில் போன ரங்கப்பா உள்ளே எட்டிப் பார்த்தார். மாமா கையைத் தட்டினார்.

அக்கா அந்தக் குஞ்சை வாங்கி, கூடையில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"இது நரசம்மா கோழி பொரிச்சது சார்" என்றாள். "என் பெட்டியில முப்பத்தொம்பதுதான்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். கேப்டன் கைத்தடியைச் சுவரில் சாய்த்தார்.

"முட்டை எப்படிக் கோழிக்குப் போனது?"

அவள் சொன்னாள். பாட்டு, ஃபியூஸ், அக்குள் எல்லாவற்றையும் சொன்னாள். என் கணக்கை மட்டும் சொல்லவில்லை. "கரண்டு போயிடுச்சி" என்று முடித்துக்கொண்டாள்.

"எத்தனை பேர்?" என்று கேப்டன் என்னைக் கேட்டார்.

"முப்பத்தொன்று."

அவர் வாசலில் நின்ற ரங்கப்பாவை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். "இவருமா?"

"ரெண்டு சார்" என்றார் ரங்கப்பா, கையைத் தூக்காமலே.

கேப்டனின் மீசை ஆடியது. "பெங்களூர் ஆளிடமும் கேட்டேன், கரண்ட் போனால் என்ன செய்வாய் என்று. வரும்வரை காத்திருப்பேன் என்றான்." நோட்டை எடுத்தார். பேனாவை உதறினார். நான் பக்கத்தில்தான் நின்றேன், எழுதுவது தெரிந்தது. தேதி போட்டார். அக்காவின் பெயர் போட்டார். அதற்கு நேரே, நிதானமாக, 40 என்று எழுதினார்.

தவறு. பெட்டியில் முப்பத்தொன்பது. நான் வாயைத் திறந்தேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். சனிக்கிழமை சிலேட்டிலிருந்து தலையை நிமிர்த்திப் பார்த்தாளே, அதே பார்வை.

வாயை மூடிக்கொண்டேன். ராயக்கோட்டைப் படிகளைத் திருத்திய வாசகர் விரும்பினால் இதையும் திருத்திக்கொள்ளலாம். நான் திருத்துவதாக இல்லை.